உன் பெயருக்குக் கீழே ஒரு வரி

கதிர்வேலுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை முயன்றும் பார்த்தேன். முதல் முறை, "வார்டுல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்றாய். இரண்டாவது முறை நான் தொடங்கியதுமே, "பத்திரிகை விசயம்தானே, அந்த வரியையே எடுத்துரச் சொல்லுங்கப்பா, வெறும் பேரு போதும்" என்று முடித்துவிட்டாய். நீ வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கோபத்தில் பேசினால் எனக்கு வார்த்தை தடுமாறும். எழுதும்போது தடுமாறாது. அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்து முடிக்கும் வரை யாருக்கும் போன் செய்யாதே. முக்கியமாக, உன் ராசு மாமாவுக்குச் செய்யாதே.

அச்சகத்தில் நடந்ததை உன் மாமா உன்னிடம் எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி தயாராகிவிட்டது என்று அச்சகக்காரர் கூப்பிட்டார். நானும் ராசுவும் போனோம். பெண் பெயர் கோகிலா, அதற்குக் கீழே பி.இ., நில அளவர் என்று இருந்தது. உன் பெயருக்குக் கீழே பி.எஸ்சி., மருத்துவத் துறை, மதுரை என்று இருந்தது. நர்சிங் என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னவன் என் பக்கத்திலேயே நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"இது என்ன மருத்துவத் துறை?" என்றேன்.

"பொதுவா இருக்கட்டும் மச்சான். படிக்கிறவன் டாக்டர்னு நெனச்சுக்கிட்டா அது அவன் பாடு. நாம ஒண்ணும் சொல்லலையே."

"நர்ஸுன்னு போடச் சொல்லு."

ராசு அச்சகக்காரரைப் பார்த்துச் சிரித்தான். "பொண்ணு கவர்மென்ட்டு சர்வேயரு. பக்கத்துலயே பையன் நர்ஸுன்னு போட்டா, ரெண்டு பேரு பேரையும் மாத்தி அடிச்சுட்டாங்கன்னுல நெனப்பான் ஊர்க்காரன்."

அச்சகக்காரரும் சிரித்தார். மருத்துவத் துறை என்று போட்ட பத்திரிகையை என் கையால் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன் என்றேன். "அப்ப வெறும் பேரா போட்டுருவோம், அம்புட்டுத்தானே" என்றான் ராசு. அச்சகக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே பென்சிலை எடுத்தார். "அப்பிடின்னா பொண்ணுக்கும் எடுத்துரணும் சார். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லாம பொண்ணுக்கு மட்டும் போட்டா நல்லா இருக்காது. மாப்பிள்ளைக்குப் போட்டுப் பொண்ணுக்குப் போடாம விடுறது நெறைய வரும், அது ஒண்ணும் தெரியாது. இது பளிச்சுன்னு தெரியும்." சொல்லிவிட்டு உன் வரியை அடித்தார். அதே கையோடு அவள் வரியையும் அடித்தார். அடிக்கும்போது அவர் முகத்தில் எந்த யோசனையும் இல்லை. எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நீ போனில் எடுக்கச் சொன்னது உன் வரியை. உன்னால் எடுபடுவது இரண்டு வரிகள். இது உனக்குத் தெரிந்துதான் சொன்னாயா என்பதுதான் என் கேள்வி. அச்சடிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பத்திரிகையில் உன் ராசு மாமா பெயருக்குக் கீழே தொழிலதிபர் என்று இருக்கிறது. இரண்டு போர்வெல் வண்டி வைத்திருப்பவன் தொழிலதிபராகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் நிற்பவன் நர்ஸாகக் கூடாது. இவன் மேல் எனக்குள்ள கோபம் பழையது என்று உனக்குத் தெரியும், அதை மறைக்கப் போவதில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு எம்.ஏ. முடித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியபோது, "நம்மூர்ல வெள்ளைக்காரன் எவன் இருக்கான்னு இதப் படிச்சீங்க மச்சான்?" என்று பந்தியில் வைத்துக் கேட்டவன். கல்லூரி வேலை எனக்குக் கிடைக்காமல், சிபாரிசோடு வந்தவனுக்குப் போனபோது, "வெஞ்சனத்துக்கு ஆகாத வெள்ளாமை" என்று, தொட்டுக்கொள்ளக்கூட உதவாத விளைச்சலாக என் படிப்பைச் சொன்னவன். இவை எதையும் நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அவனைப் பற்றியது இல்லை.

இத்தனை வருடம் பழனி சாலையில் ஒரே பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தமிழில் மார்க் வராது, பிரெஞ்சில் வரும் என்று பெற்றோர் கொண்டுவந்து சேர்க்கிற பிள்ளைகள். மொழிக்காக வந்த பிள்ளை ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. தொழில்களின் பெயர்ப் பாடம் எட்டாம் வகுப்பில் வரும். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் ஆண் பெயர், வலது பக்கம் பெண் பெயர் எழுதுவேன். நடிகன், நடிகை மாதிரி அங்கே அநேகமாக எல்லா வேலைக்கும் இரண்டு பெயர். நீ அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாய். பாடப் புத்தகத்தில் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் படம் இருந்தது, இன்ஃபிர்மியேர், நர்ஸ். நான் அதை வலது பக்கம் எழுதிவிட்டு இடது பக்கம் இன்ஃபிர்மியே என்று எழுதினேன். உன் பக்கத்தில் இருந்தவன் எழுந்து, "அது எதுக்கு சார்? ஆம்பள நர்ஸு எங்க சார் இருக்கான்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "இருக்காங்க, எழுதிக்க" என்றேன். வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் பின்னால் இருந்து நீ கேட்டாய்: "நெசமாவே இருக்காங்களாப்பா?" பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பார் என்றேன். நீ அப்போது விளையாட்டாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நீ நர்சிங் சேரப்போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. உன் அம்மா, "அப்பு, வேற எதுவும் கெடைக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். ராசு நேராகவே வந்துவிட்டான். "ஏலே மாப்ள, பொம்பளப் புள்ளைக நடுவுல ஒத்தையா நிக்கப் போறியா? தொப்பியும் குடுப்பாங்களாடா?" நீ அப்போது அவனிடம் சொன்ன பதிலை நான் பெருமையாக வைத்திருக்கிறேன். "நூறு கிலோ ஆளப் பெட்டுல பொரட்டிப் போடணும் மாமா. தொப்பி போட்டா கீழ விழுந்துரும்." பதினேழு வயதில் கூச்சமில்லாமல் பேசியவன் நீ. இருபத்தெட்டு வயதில், கல்யாணத்துக்கு முன்னால், அந்தப் பையன் எங்கே போனான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன், பாடம் நடத்துகிறேன் என்று நினைக்காதே. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயர்களுக்காக நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியை நடத்தும் பெண்ணைத் திரெக்த்ரீஸ் என்று பெண் பெயரில் கூப்பிடுவதில் அங்கே யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. அதே சொல் அமைச்சகத்து மேல்மாடிக்கு ஏறாது. அங்கே உட்கார்ந்த பெண்களில் பலர், தங்களைத் திரெக்தர் என்று ஆண் பெயரிலேயே கூப்பிடச் சொன்னார்கள். மரியாதை அந்தப் பக்கம் இருந்தது, அதனால் அந்தப் பக்கம் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு சில வேலைகளின் பெண் பெயர் பல காலம் மனைவியைத்தான் குறித்தது. தூதரின் மனைவி, மருந்துக் கடைக்காரரின் மனைவி, மேயரின் மனைவி. இதைச் சொல்லும்போது என் மாணவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நம் தெருவில் உன் அம்மாவை வாத்தியாரம்மா என்கிறார்கள். அவள் ஒரு நாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. அவள் ரவிக்கை தைக்கிறாள், தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் போடுகிறார்கள். கடை போட்டு அதையே தைக்கும் ஆளை டெய்லர் மாஸ்டர் என்கிறோம். பிரியாணிக் கடை அடுப்பில் நிற்பவன் மாஸ்டர். வீடு வீடாகப் போய்ச் சமைப்பவள் சமையல்காரி.

பெண்கள் ஆண்களின் வேலைக்குப் போனபோது ஆண்களின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆண்கள் பெண்களின் வேலைக்கு வந்தபோது அந்தப் பெயர் அவர்களுக்குப் போதவில்லை. பிரான்ஸில் பிரசவம் பார்க்கிறவளுக்கு சாஜ்ஃபாம் என்று பெயர். ஃபாம் என்றால் பெண், அந்தச் சொல்லுக்குள்ளேயே அவள் இருக்கிறாள். ஆண்களும் அந்த வேலைக்கு வரத் தொடங்கியதும், பெரிய பெரிய பண்டிதர்கள் கூடிக் கிரேக்கத்திலிருந்து ஒரு கனமான பெயரைச் செய்து கொடுத்தார்கள். அது ஒட்டவில்லை. அந்த ஆண்களில் பெரும்பாலோர் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நமக்கு இந்தத் தொல்லையே வந்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர், செவிலியர், அளவர் என்று இரண்டு பேருக்கும் பொதுவாகவே சொற்கள் கையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஆண் செவிலியர் என்றும் பெண் சர்வேயர் என்றும் முன்னால் ஒன்றை ஒட்டிவைத்து, இது வழக்கமில்லை என்று காட்டிக்கொள்கிறோம்.

உன் ஆஸ்பத்திரியில் உன்னை பிரதர் என்று கூப்பிடுகிறார்கள். பெண்கள் சிஸ்டர், நீ பிரதர். போன வருடம் உனக்குத் துணி கொண்டுவந்த அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தானாக எழுந்திருக்க முடியாதவர், தன்னைத் துடைக்க வந்த பெண்ணைக் கிட்டே விடாமல் கத்திக்கொண்டிருந்தார். "நீ போ தாயி, பிரதரக் கூப்புடு. எனக்குக் கூச்சமா இருக்கு." நீ வந்தாய். "என்ன பெரியப்பா, சவுண்டு மதுரை பூராம் கேக்குது" என்றாய். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, மாற்றி, ஒரு முறைகூட முகம் சுளிக்காமல் முடித்தாய். அவர் வீட்டுக்குப் போன அன்றும் நான் அங்கே வர நேர்ந்தது. அவருடைய மகன் இனிப்புப் பெட்டியை டாக்டர் கையில் கொடுத்து, குனிந்து கும்பிட்டுவிட்டு, உன் பக்கம் திரும்பி, "பிரதர், இந்தச் சேரை எங்க விடுறது?" என்றான். நீ சிரித்துக்கொண்டே சக்கர நாற்காலியை வாங்கிக்கொண்டாய். நான் சிரிக்கவில்லை. அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு அது ஒன்றும் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நம்பினேன். பத்திரிகை விஷயம் வந்த பிறகுதான், அந்தச் சிரிப்புக்குக் கீழே நீயும் எதையோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றுகிறது. என்னிடமிருந்து நீ வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. உள்ளே வைத்துக்கொண்டால் அது வேறு யார் தலையிலாவது போய் விடியும்.

யார் தலையில் விடிந்தது என்று பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை தொப்பம்பட்டிக்கு, கோகிலா வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவிடம் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறேன் என்றேன். சம்பந்தி மக்காச்சோளக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்.

"பத்திரிகை விசயமுங்களா சம்பந்தி? உங்க மச்சினர் போன் பண்ணுனாருங்க. ரெண்டு பேருக்கும் வெறும் பேரு போதும்னாரு. செரின்னுட்டேனுங்க."

"பையன் நர்ஸுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஏனுங்க, தெரியாமையா பொண்ணு குடுக்கறோம்? கோகிலா சொல்லித்தானுங்க தெரியும். மொதல்ல எனக்குச் செத்த யோசனைதான். அப்பறம் எம்பட தங்கச்சியப் பெரியாஸ்பத்திரியில வெச்சிருந்தப்ப ராத்திரியெல்லாம் யாரு பாத்தாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். செரியாப் போச்சு."

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, என்னைப் பார்க்காமல், வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"சொல்லோணும்னு இல்லீங்க. எங்க வகையறாவுல பேருக்குக் கீழ ஒரு வரி வந்ததே இல்லீங்க. எங்கப்பன், நானு, என்ற தம்பிக எல்லாருக்கும் வெறும் பேருதான். வெவசாயம்னு எவன் போடறான்? இவளுக்குத்தான் மொத மொத வருதுன்னு ஊட்ல சொல்லிட்டிருந்தேன். அது கெடக்குதுங்க. மாப்பிள்ளை மனசு சங்கடப்படக் கூடாது."

என் பெயருக்குக் கீழே எம்.ஏ., எம்.பில்., பிரெஞ்சு ஆசிரியர் என்று நீளமாக இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் வேலை கிடைக்கவில்லை என்று இத்தனை வருடம் வெந்துகொண்டிருப்பவன் நான். அந்த மனிதர் ஒரு வரியை விட்டுக்கொடுத்துவிட்டு எனக்கு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினார்.

கோகிலாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். வழியில் கேட்டேன், "உனக்கு வருத்தம் இல்லையாம்மா?"

"பழக்கந்தானுங்க மாமா" என்றாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு காட்டை அளக்கப் போனேனுங்க. அந்தக் காட்டுக்காரர், 'சர்வேயர் வரலையாம்மா?'ன்னாரு. 'வந்தாச்சுங்க, எல்லைக் கல்லைக் காட்டுங்க'ன்னேன். 'இல்லம்மா, அளக்கறவரு'ன்னாரு. அளந்து முடிக்கிற வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு நின்னாருங்க, எவனாச்சும் பைக்குல வந்து எறங்குவான்னு."

அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளாகவே சொன்னாள்.

"அவரு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்கிட்டத் தனியாச் சொல்லிட்டாருங்க. நான் நர்ஸு, ராத்திரி டூட்டி இருக்கும், பெட்பேன் எடுப்பேன், எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு யோசிச்சுச் சொல்லுன்னாரு. அதுக்காகத்தானுங்க சரின்னு சொன்னேன். எங்கிட்டச் சொன்னத மத்தவங்ககிட்டச் சொல்ல ஏன் கூச்சப்படறாருன்னுதான் தெரியலீங்க."

"அவங்கிட்டயே கேட்டியா?"

"கேக்கலீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே கேள்வி கேக்கறான்னு ஆயிரும்." பிறகு பஸ் வந்துவிட்டது. "இத நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லீராதீங்க மாமா" என்றாள். சரி என்றேன். இதோ சொல்லிவிட்டேன். அவளிடம் நான் கொடுத்த வாக்கை மீறியதற்கு அவள் என் மேல் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கேட்காத கேள்வி ஒன்று இப்போதே இருக்கிறது. இதை அவள் விழுங்கிக்கொண்டால் அடுத்ததையும் விழுங்கிக்கொள்வாள். நல்ல பெண், சண்டை போட மாட்டாள், சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிடுவாள். அப்படி ஒரு வீட்டில்தான் நீ வளர்ந்தாய். உன் அம்மா எனக்கு என்னென்ன எடுத்துக் கொடுத்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அது சமாதானம் மாதிரித்தான் வெளியே தெரியும்.

நானே அச்சகத்துக்குப் போய், செவிலியர் என்று போடுங்கள், அவளுக்கும் நில அளவர் என்று போடுங்கள் என்று சொல்லிவிட முடியும். அழைப்பவன் நான்தான், என் பெயரில்தான் பத்திரிகை போகிறது. ராசுவைத் தோற்கடித்த திருப்தியும் கிடைக்கும், அந்தத் திருப்தி எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அது எனக்கும் அவனுக்கும் நடந்த இன்னொரு சண்டையாகிவிடும். மண்டபத்து வாசலில் மாலையோடு நீ நிற்கும்போது, வருகிறவர்கள் பத்திரிகையில் எதைப் படித்தார்கள் என்று உன் கண் தேடிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு வெறும் பெயரே மேல். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறுக்க அச்சகக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். கோகிலாவுக்கு இந்த வாரம் முழுவதும் வெளியில் அளவு வேலை. மதியம் வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள், அப்போது கூப்பிட்டால் எடுப்பாள். மன்னிப்பு, சமாதானம் என்று சுற்றி வளைக்காதே. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவளிடம் பேசிய மாதிரியே பேசு. நாலு பேர் முன்னால் உனக்கு ஏன் கூச்சம் என்று சொல். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். பேசி முடித்த பிறகு பத்திரிகையில் என்ன போடவேண்டும் என்று அவளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். இரண்டு வரியும் வேண்டும் என்றாலும், இரண்டும் வேண்டாம் என்றாலும், அவளுக்கு மட்டும் போடுங்கள் என்றாலும், அவள் சொன்னபடி அச்சாகும். ராசு வந்து குதித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் போனுக்காகக் காத்திருக்கிறேன்.

அப்பா